1941 டிசம்பர் 23, ரங்கூன்: ஓடியவர்கள் கோழைகளா?

செவ்வூரான் எழுதியது:

ரங்கூனில் விழுந்த குண்டுகளைப் பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு எழுகிறது. ‘ஜப்பான்காரன் குண்டு போட்டான், நம் ஆட்கள் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள்’ என்று யாராவது எழுதுவார். பத்துப் பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். இழை அத்தோடு அடங்கிவிடும். முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரைக் காலி செய்யும் உத்தரவு வந்தது 1942 பிப்ரவரி 20. நடுவில் கிடக்கும் இரண்டு மாதங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் சிலருடைய குறிப்புகளை அண்மையில் படித்தேன். ஆளுக்கு ஆள் நடை மாறுகிறது, குற்றச்சாட்டு மட்டும் மாறவில்லை. இந்தியக் கூலிகள் பீதியடைந்து ஓடிவிட்டார்கள், அதனால் துறைமுகம் நின்றது, நகரம் நாறியது என்கிறார்கள். இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

அன்றைய ரங்கூன் நான்கு லட்சம் பேர் வாழ்ந்த நகரம். 1931 கணக்கெடுப்பின்படி அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் பெரும்பாலும் தெலுங்கர்கள், ஆற்றில் சம்பான் படகு தள்ளியவர்கள் சிட்டகாங்காரர்கள், மொகல் தெருவில் நம் செட்டிநாட்டுக் கடைகள், அலுவலகங்களில் தமிழ்க் கணக்கர்கள். மலம் அள்ளியவர்களும் இந்தியர்களே. இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பின்னால் நடந்தது புரிய வேண்டுமானால் இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 23 முற்பகல். மழைக்காலம் போய்த் தெளிந்த வானம், கடைத்தெருவில் கூட்டம். தாய்லாந்துப் பக்கமிருந்து விமானங்கள் வந்தன. ஒரு பகுதி மிங்கலடோன் விமானத் தளத்தைத் தாக்கியது, மற்றொரு பகுதி நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் வந்தது. மேலே ஆங்கிலேய விமானங்களும் அமெரிக்கத் தன்னார்வப் படையின் விமானங்களும் எதிர்த்துச் சண்டையிட்டன. கீழே ஜனங்கள் ஒளிந்துகொள்ளவில்லை. தெருவுக்கு வந்தார்கள், மாடி முகப்புகளில் நின்றார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். மனிதர்களைக் குறிவைத்துச் செய்த சிறு குண்டுகள் அந்தக் கூட்டத்தின் நடுவே விழுந்தன. பிறகு தாழப் பறந்து துப்பாக்கியாலும் சுட்டார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்; இரண்டாயிரத்தைத் தாண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும் வந்தார்கள்.

போர் தொடங்கிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்பது ஏன் அந்த ஜனங்களின் உடம்பில் பதியவில்லை? அடுத்த நாளே மூட்டை கட்டியவர்களைக் கோழைகள் என்று சொல்லலாமா? குடும்பத்தில் பர்மா நினைவுகள் உள்ளவர்களும் வேறு ஊர்களில் குண்டுவீச்சைப் பார்த்தவர்களும் எழுதுங்கள்.

*

பழைய ஓவர்சீயர் எழுதியது:

நான் பொதுப்பணித் துறையில் இருந்தவன். வரலாற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், மண்ணும் செங்கலும் சம்பந்தப்பட்டதை நான் சொல்கிறேன்.

தரையைத் தொட்டவுடன் வெடிக்கும் சிறு குண்டு பெரிய பள்ளம் தோண்டாது. அதன் சில்லுகள் தரையை ஒட்டிப் பக்கவாட்டில் பறக்கும். நிற்பவனுக்கு உடம்பு முழுவதும் இலக்கு. குப்புறப் படுத்தவனுக்கு ஆபத்து பல மடங்கு குறைவு. மார்பளவு ஆழமும் ஓர் ஆள் அகலமும் கொண்ட பள்ளத்தில் இறங்கியவனுக்கு, குண்டு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்தால்தான் சாவு. பள்ளத்தை நேர்க்கோட்டில் வெட்டாமல் மடக்கி மடக்கி வெட்டுவதும் இதற்காகத்தான். ஒரு மடிப்பில் விழுந்தது அடுத்த மடிப்புக்குப் போகாது. மண்வெட்டியும் ஆளும் இருந்தால் போதும். சிமெண்டு கூட வேண்டாம்.

ரங்கூனில் ஒரு சங்கடம் உண்டு. அது ஆற்று முகத்துவார மண். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் ஊறும். ஆழத்தில் பெரிய புகலிடம் கட்டுவது செலவு பிடித்த வேலை. அப்படிப்பட்ட இடத்தில் தரைக்கு மேல் செங்கல் அறை கட்டலாம். கட்டடத்தின் வாசலுக்கு முன்னால் தடுப்புச் சுவர் எழுப்பலாம். மாடிப்படியின் அடியைப் பலப்படுத்தலாம். நகரத்தின் நடுப்பகுதி சதுரங்கக் கட்டம் போல வெட்டிய குறுகிய தெருக்களும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்களுமாக இருந்தது. அதில் ஓர் அறைக்கு எத்தனை கூலியாட்கள் முறை வைத்துப் படுத்தார்கள் என்பதைப் பர்மா போய்வந்தவர்களின் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எங்கே ஒளிவார்கள்? அறைக்குள் வெக்கை, வெளியே வேடிக்கை. வெளியேதான் வருவார்கள்.

புறநகரில் மரவீடுகள். அங்கே தீதான் எமன்.

*

மொட்டைமாடி எழுதியது:

செவ்வூரான் ஐயா, நீங்கள் எப்போதும் நம் ஆட்களுக்கு வக்காலத்து வாங்குவீர்கள், தெரிந்த விஷயம்தான். ஆனால் லண்டனை நினைத்துப் பாருங்கள். 1940 செப்டம்பர் 7 தொடங்கி 57 இரவுகள் தொடர்ச்சியாகக் குண்டு விழுந்தது. காலையில் கண்ணாடித் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார்கள். ரங்கூனில் இரண்டே தாக்குதல், நகரமே காலி. துறைமுகத்தில் சீனாவுக்குப் போக வேண்டிய போர்ச் சரக்கு மலையாகக் கிடந்தது, இறக்க ஆளில்லை. கடமையை விட்டு ஓடியதை ஓட்டம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

*

செவ்வூரான் எழுதியது:

மொட்டைமாடி, லண்டனிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதல் குண்டு விழுவதற்கு ஓராண்டு முன்னதாக, 1939 செப்டம்பரின் முதல் சில நாட்களிலேயே, பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் குழந்தைகளையும் தாய்மார்களையும் அரசே ரயிலேற்றி வெளியே அனுப்பியது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தில் புதைக்கும் தகரக் கூடாரங்களை இலவசமாகக் கொடுத்தது. அப்படியும் கிழக்கு லண்டன் ஏழைகளுக்குப் போதவில்லை. சுரங்க ரயில் நிலையங்களைப் புகலிடமாக்கக் கூடாது என்று அரசு முதலில் தடுத்தது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கி, மேலே வர மறுத்துவிட்டார்கள். அரசு பணிந்தது. பிளிமத் போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இரவானால் வயல்வெளிக்கு நடந்துபோய்ப் படுத்து, காலையில் திரும்பினார்கள். லண்டன் நின்றது உண்மை. ஆனால் வெளியே போவதற்கு ரயிலும், உள்ளே இறங்குவதற்குச் சுரங்கமும், திரும்பி வந்தால் கூலியும் இருந்த ஊர் அது.

ரங்கூன் தொழிலாளிக்கு என்ன இருந்தது? 1930 மே மாதம் துறைமுக வேலை நிறுத்தத்தில் தொடங்கிய கலவரத்தில் தெலுங்குக் கூலிகளை வெட்டினார்கள். 1938 ஜூலையில் மறுபடியும் இந்தியர் மீது கலவரம், இம்முறை குறிப்பாக முஸ்லிம்கள் மீது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த பிறகு அவன் அங்கே அந்நியன். வானத்தில் ஜப்பான்காரன். தெருவில் போலீஸ் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவன் இரண்டு முறை பார்த்திருக்கிறான். அவன் நடக்கத் தொடங்கியது குண்டுக்காக மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வடக்கே புரோம் என்ற ஊருக்குப் போகும் சாலையில் நடந்தவர்களை அரசு திரும்பி வரச் சொன்னது. கணிசமானவர்கள் திரும்பியும் வந்தார்கள்! ஜனவரியில் துறைமுகம் ஓரளவு ஓடியது அவர்களால்தான். இரவுத் தாக்குதல்கள் தொடர்ந்தன, போர்முனை நெருங்கியது, மறுபடி கிளம்பினார்கள். ‘இரண்டே தாக்குதலில் காலி’ என்ற கதையில் இந்தத் திரும்பி வந்தவர்களுக்கு இடமே இல்லை.

*

கோண்டாவில் மைனா எழுதியது:

செவ்வூரான் அண்ணா, உடம்பில் பதிவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபோது நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்களுக்கும் முதல் தடவை யாரும் சொல்லித் தரவில்லை. முதல் பொம்மர், அதாவது குண்டு போடும் விமானம், வந்தபோது எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் கேற்றடியில் நின்று மேலே பார்த்தார்கள், என் அம்மாவும் சேர்த்துத்தான். குண்டு வேறு பக்கம் விழுந்ததால் இன்று எழுதுகிறேன்.

சில வாரங்களுக்குள் எல்லாம் மாறிவிட்டது. மின்சாரம் இல்லை, ஆகவே சங்கும் இல்லை. காதுதான் சங்கு. ஹெலியின் சத்தம் வேறு, பொம்மர் குத்தி இறங்கும் சத்தம் வேறு, சகடை என்று நாங்கள் சொன்ன அந்த மெதுவான பெரிய விமானத்தின் உறுமல் வேறு. ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர்களுக்கு முன்னதாகப் பிரித்துச் சொல்லும். நாய்கள் அதற்கும் முன்னதாகவே பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் போய்ப் படுத்திருக்கும்.

பங்கர் வெட்டுவது சின்ன வேலை இல்லை. எங்கள் வளவில் இரண்டு அடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்கு (கடப்பாரை) பிடித்துக் கை கொப்பளித்துவிடும். ஆங்கில எல் எழுத்து வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன் மேல் மண் மூட்டைகள். குற்றிக்காக நின்ற பனைகளைத் தறித்தபோது அம்மம்மா இரண்டு நாட்கள் யாரோடும் பேசவில்லை. மாரியில் உள்ளே முழங்காலளவு தண்ணீர், தவளை, சில நேரம் பாம்பு. பாம்பா குண்டா என்று யோசிக்கும் நேரமெல்லாம் கிடையாது. ஆனால் பாம்பைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தவர்களும் இருந்தார்கள்.

ஓவர்சீயர் ஐயா சொன்ன மடக்கி வெட்டும் கணக்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பொறியியல் காரணம் உண்டு என்பதை இன்றுதான் படிக்கிறேன்.

ஒளிவதற்குக் கோயில், தேவாலயம் நல்ல இடம் என்று நம்பினோம். கூரையில் சிலுவை தெரிந்தால் அடிக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1995 ஜூலை 9 நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேல் சனம். அதன் பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மொட்டைமாடி அண்ணாவுக்கு ஒன்று. அந்த ஆண்டு அக்டோபர் 30 இரவு நாங்களும் ஓடினோம். கோழை என்று எங்களை இதுவரை யாரும் சொல்லவில்லை, நீங்கள் விரும்பினால் சொல்லலாம்.

*

மட்டுறுத்துநர்:

யாழ்ப்பாணப் போரின் அரசியலைப் பேசத் தனி இழை இருக்கிறது. இங்கே குண்டு விழுந்த ஊரில் இருந்தவர்களின் அனுபவம் மட்டும். இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்.

*

பட்டர்வர்த் எழுதியது:

ரங்கூனுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக எங்கள் பினாங்கில் அதே கதை நடந்தது. 1941 டிசம்பர் 11. ஜார்ஜ் டவுனுக்கு மேல் விமானங்கள் ஒழுங்காக அணிவகுத்து வந்தன. நம்முடைய விமானங்களாகத்தான் இருக்கும் என்று கையசைத்தவர்கள் கூட உண்டு. தீவில் விமானங்களைச் சுடும் பீரங்கி ஒன்றும் இல்லை. சீனர் குடியிருப்பும் கடைத்தெருக்களும் எரிந்தன. தீயணைப்பு நிலையத்திலேயே குண்டு விழுந்ததால் அணைக்கவும் வழியில்லை. சடலங்கள் நாட்கணக்கில் தெருவில் கிடந்தன.

டிசம்பர் 16 நள்ளிரவில் ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் கப்பலேறினார்கள். காலையில் எழுந்து பார்த்த ஆசியர்களுக்கு அரசாங்கமே இல்லை. அதற்குப் பிறகு சிங்கப்பூர் வானொலியில் பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று பேசினார். தீவில் இருந்தவர்கள் அதை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மக்கள் என்ற சொல்லுக்குள் தாங்கள் வரவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒரு பெயர் சரவணமுத்து. இலங்கைத் தமிழர், அங்கே ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியர். கோட்டைக் கொடிமரத்தில் இன்னும் பிரிட்டிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும் வரைக்கும் குண்டு விழும் என்று கணக்குப் போட்டு, போய் இறக்கினார். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், இனிக் குண்டு போடாதீர்கள் என்று உள்ளூர் வானொலியில் அறிவிக்கவும் ஏற்பாடு செய்தார். அந்தந்தச் சமூகத்தவரைச் சேர்த்துக் குழு அமைத்து அரிசி பங்கிட்டார்கள், கொள்ளையைத் தடுத்தார்கள். 19ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள்.

எங்கள் தாத்தா அப்போது ரப்பர் தோட்டத்தில் இருந்தார். தீவின் புகையை நிலப்பரப்பிலிருந்து பார்த்தவர். அவரிடம் நாங்கள் கேட்டதெல்லாம் ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்குக் கதைகளைத்தான். குண்டைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

*

வடகரை எழுதியது:

செவ்வூரான் எண்ணிக்கையைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அங்கே நான் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன்.

ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் ஆயிரம் உயிர் இருக்கிறது. இந்த இடைவெளி எப்படி வந்தது? கூலி மேஸ்திரியின் பேரேட்டில் தொழிலாளி ஒரு வரி. விடுதி அறையில் இன்று இவன், நாளை வேறொருவன். குடும்பம் கஞ்சாமிலோ விசாகப்பட்டினத்திலோ கோதாவரியிலோ. அடையாளம் காட்ட ஆளில்லாத சடலத்தை லாரியில் ஏற்றிப் போனால் அது எந்தக் கணக்கில் சேரும்? பிணங்களை எடுக்க வேண்டியவர்களும் நகரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இது ஏழை நகரத்துக்கு மட்டுமே உரிய கோளாறு என்று எண்ண வேண்டாம். லண்டன் கேனிங் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில், வீடிழந்தவர்களை அழைத்துப் போகப் பேருந்து வரும் என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். பேருந்து வரவில்லை. 1940 செப்டம்பர் 10 அதிகாலையில் குண்டு வந்தது. அரசுக் கணக்கு 77. அந்த வட்டாரத்தார் இன்று வரை அதை ஏற்கவில்லை, பல மடங்கு என்கிறார்கள். பதிவேடும் அடையாள அட்டையும் இருந்த ஊரிலேயே இந்த நிலை. ஆகவே ரங்கூன் எண்ணிக்கையை யார் உறுதியாகச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான். ஆயிரத்துக்கும் மேல் என்பதோடு நிறுத்திக்கொள்வதே யோக்கியம்.

*

கிதிர்பூர் வாசகன் எழுதியது:

வேலை நிமித்தம் கொல்கத்தாவில் இருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு.

தொழிலாளி போய்விட்டால் ஒரு நகரம் எவ்வளவு சீக்கிரம் நின்றுபோகும் என்பதை ரங்கூனில் அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். மலம் அள்ள ஆளில்லை, கடை திறக்க ஆளில்லை, மூட்டை தூக்க ஆளில்லை. பிப்ரவரியில் சிறைச்சாலையையும் மனநோய் மருத்துவமனையையும் திறந்துவிட்டார்கள். மிருகக்காட்சி சாலை விலங்குகளைச் சுட்டார்கள்.

அடுத்து கல்கத்தாவின் முறை. 1942 டிசம்பர் 20 இரவு முதல் குண்டு விழுந்தது. இங்கேயும் ஹௌரா நிலையத்தில் கூட்டம் முண்டியடித்தது. ஆனால் ஆலை முதலாளிகளும் துறைமுகத்தாரும் இம்முறை வேறு வழி பிடித்தார்கள். அரிசியை மொத்தமாக வாங்கி வைத்து, தங்கள் தொழிலாளிகளுக்கு மலிவாகக் கொடுத்தார்கள். சோற்றைக் காட்டி நகரத்தில் நிறுத்தும் உபாயம். அந்த அரிசி கிராமங்களிலிருந்து வந்தது. 1943 பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் நகரத்தின் உழைப்பைக் காப்பாற்றக் கிராமத்தின் சோற்றை எடுத்ததும் அவற்றில் ஒன்று.

நிறுத்திவைத்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1943 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் கிதிர்பூர்த் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் செத்தார்கள். ஓடியிருந்தால் கோழை. ஓடாததால் பிணம். மொட்டைமாடி இதில் எதைச் சிபாரிசு செய்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

*

மொட்டைமாடி எழுதியது:

எல்லோரும் சேர்ந்து மொத்துகிறீர்கள், பரவாயில்லை. கோண்டாவில் தங்கையிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன்: உங்களை நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. துறைமுகத் தொழிலாளி போகட்டும். மருத்துவமனையில் கட்டுப் போடுகிறவன், கம்பவுண்டர், நோயாளியைத் தூக்குகிறவன் போனானே, அதுவும் நியாயமா? குண்டு பட்டு நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் கிடக்கும்போது அவர்களை விட்டுவிட்டுப் போனதற்கு 1930 கலவரம் சமாதானம் ஆகுமா? இருந்தவர்களும் உண்டு. மருத்துவர்களும் செவிலியர்களும் ராமகிருஷ்ண மடத்து மருத்துவமனையினரும் வேலை பார்த்தார்கள். அவர்களும் மனிதர்கள்தானே? எல்லோரையும் ஒரேயடியாக நியாயப்படுத்தினால் நின்றவர்களின் உறுதிக்கு என்ன மரியாதை?

*

பழைய ஓவர்சீயர் எழுதியது:

நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. நின்றவர்களுக்கு மரியாதை உண்டு, அதைக் காட்டுவதற்குப் போனவனைத் திட்ட வேண்டியதில்லை என்பது மட்டும் என் எண்ணம். நின்றவர்களில் பலருக்குக் குடியிருக்கக் கட்டடம் இருந்தது, குடும்பத்தை முன்கூட்டியே கப்பலில் அனுப்பப் பணம் இருந்தது. எல்லோருக்கும் இல்லை, பலருக்கு.

*

வண்ணாரப்பேட்டை மருமகள் எழுதியது:

என் மாமியாரின் பெரியம்மா குடும்பம் நடந்து வரவில்லை. ரங்கூனிலேயே தங்கிவிட்டது. அவர்களுடைய கதையைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பர்மா குண்டு என்று நம் வீடுகளில் சொல்வது ஒரே காலத்துக் குண்டு அல்ல.

அந்தப் பாட்டி ஒரு தாக்குதலை விவரிப்பார். இரவு, மிக உயரத்தில் நான்கு இயந்திரம் பூட்டிய விமானங்கள், ரயில் யார்டுப் பக்கம் தீ. கேட்டவர்கள் எல்லோரும் ஜப்பான்காரன் என்றே எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. 1941இல் வந்த ஜப்பானிய விமானங்கள் அப்படிப்பட்டவை அல்ல. பாட்டி சொன்னது 1944 கடைசியில் நடந்தது. அப்போது ஊரை ஆண்டது ஜப்பான், குண்டு போட்டது அமெரிக்கரும் ஆங்கிலேயரும். சுபாஷ் சந்திர போஸ் 1944 ஜனவரியில் ரங்கூனுக்குத் தன் தலைமையகத்தை மாற்றியிருந்தார். மலாயாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அவருடைய ஜான்சி ராணி படையில் அங்கே இருந்தார்கள். அவர்கள் பதுங்கியதும் நேச நாட்டு விமானங்களுக்குப் பயந்துதான். தங்கிவிட்டவர்களுக்கு 1945 மே வரை இரண்டு தரப்புக் குண்டும் கிடைத்தது.

ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது ‘யார் போட்டார்கள்’ என்று கேட்காதீர்கள். அது பின்னால் கேள்விப்பட்டதோடு கலந்துவிடும். பகலா இரவா, சங்கு ஊதியதா, எந்த நோட்டில் சாமான் வாங்கினீர்கள், கடையில் உப்பு கிடைத்ததா என்று கேளுங்கள். ஜப்பான் நோட்டு என்று சொன்னால் காலம் தானாகத் தெரிந்துவிடும்.

மொட்டைமாடி தம்பிக்கும் ஒரு வார்த்தை. 1942 ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. உடனே சென்னையில் என்ன நடந்தது? வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போங்கள் என்று அரசு சொன்னது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பின. மிருகக்காட்சி சாலையில் புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். வண்ணாரப்பேட்டையில் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கோயில் குருக்களிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அப்போது சென்னையில் ஒரு குண்டும் விழுந்திருக்கவில்லை. 1943 அக்டோபரில்தான் ஒற்றை விமானம் வந்து ஏதோ போட்டுவிட்டுப் போனது. துரைமார் கோப்புகளைக் கட்டிக்கொண்டு மதனப்பள்ளிக்குப் போனால் அதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை. கூலிக்காரன் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு புரோமுக்கு நடந்தால் பீதி.

*

செவ்வூரான் எழுதியது:

அக்கா, இதைத்தான் சொல்லத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதையைப் பற்றியும் கொஞ்சம். ரங்கூனிலிருந்து புரோம் சுமார் 160 மைல். அங்கே இராவதியைக் கடந்து, அரக்கான் மலையில் தௌங்குப் கணவாய் ஏறி இறங்கி, கடற்கரை சேர்ந்து, படகில் அக்யாப், அங்கிருந்து சிட்டகாங். முதலில் போனவர்கள் இந்த வழியில் போனார்கள். காலரா பின்தொடர்ந்தது. பிறகு அந்த வழி அடைபட, வடக்கே மாந்தளை, சிந்த்வின் ஆறு, தாமு, இம்பால், திமாபூர். தாமு வழியில் ஐரோப்பியருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறு பாதை என்று பிரித்தார்கள் என்ற புகார் அப்போதே இந்தியாவில் பெரிய சர்ச்சையானது. நேரு கடுமையாகக் கண்டித்தார். மொத்தம் வெளியேறியவர்கள் நான்கைந்து லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். வழியில் இறந்தவர்கள் பல பத்தாயிரம். வடகரை இதற்கும் சண்டைக்கு வருவார்.

டிசம்பர் 24 காலையிலேயே நடந்தவர்கள் பருவமழைக்கு வெகு முன்னதாக மலையைத் தாண்டினார்கள். அதிகாரிகள் பேச்சை நம்பித் திரும்பி வந்து, பிப்ரவரி கடைசியில் மறுபடி கிளம்பியவர்களுக்கு வழி நீண்டது, தண்ணீர் குறைந்தது, மே மாதத்தில் மழையும் பிடித்தது. பீதியடைந்தவன் பிழைத்தான், பேச்சைக் கேட்டவன் சேற்றில் கிடந்தான் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் ஓடியவனின் கணக்கு தப்பு என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

*

வடகரை எழுதியது:

சண்டைக்கு வந்துவிட்டேன். ‘பல பத்தாயிரம்’ என்பதற்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரத்துக்கு மேல் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. முகாம்களில் எண்ணியவர்கள் வந்து சேர்ந்தவர்களைத்தான் எண்ணினார்கள்.

சீக்கிரம் கிளம்பியவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்பதையும் நிரூபிக்கப் புள்ளிவிவரம் வேண்டும். தௌங்குப் வழியில் தொடக்கத்திலேயே காலரா அடித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

*

புதுவரவு எழுதியது:

வணக்கம், இங்கே முதல் பதிவு. எங்கள் கொள்ளுத்தாத்தா ரங்கூனில் அச்சகத்தில் வேலை பார்த்தார், திரும்பி வரவில்லை. எங்கே தேடலாம்? எந்த நாளில் இறந்தார் என்றும் தெரியாது. 1941 கார்த்திகையில் வந்த கடிதம்தான் கடைசி.

*

வடகரை எழுதியது:

வாருங்கள். அகதிகள் தொடர்பான கோப்புகளில் ஒரு பகுதி எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும், 1942 பொதுத் துறைக் கோப்புகளில் தொடங்குங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளிநாட்டு இந்தியர் துறையின் கோப்புகள் உண்டு. பெயர் மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. சொந்த ஊர், தாலுகா, தந்தை பெயர், அச்சகம் இருந்த தெரு ஆகியவற்றைச் சேகரித்துக்கொண்டு போங்கள். அந்தக் கடைசிக் கடிதத்தின் உறை இருக்கிறதா? அஞ்சல் முத்திரையையும் அனுப்புநர் முகவரியையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். தெருப் பெயர் தெரிந்தால் டிசம்பர் 23 அன்று அந்தப் பகுதியில் குண்டு விழுந்ததா என்று நானும் செவ்வூரானும் பார்க்கிறோம்.

*

புதுவரவு எழுதியது:

உறை அத்தையிடம் திருப்பத்தூரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.